வெர்னாவின் மூன்று கற்கள்

அத்தியாயம் 9

"கல் பொய் சொல்லாது, மிஸ்டர் ப்ரூஸ்டர்" என்றார் டாக்டர் மர்லீஸ் ஓட்டன்.

"என் முதல் பெண்டாட்டியும் அவ அம்மாவைப் பத்தி இதையேதான் சொன்னா டாக்டர். மூணு வருஷம் நம்பினேன்."

டாக்டர் சிரித்தார். என் முதலாளி ஒனைடா கிரட்சர் சிரிக்கவில்லை. தென் கென்டக்கியில் துப்பறியும் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரே முன்னாள் போஸ்ட்மாஸ்டர் அவர். அந்த அம்மாளுக்கு வயது அறுபத்திரண்டு. யார் வீட்டுக்கு யாரிடமிருந்து கடிதம் வந்தது என்பது இன்றும் அவருக்கு மனப்பாடம். அதனாலேயே பாதி ஊர் அவரைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடும்.

நான் லோவெல் ப்ரூஸ்டர். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டினேன், இப்போது ஒனைடாவை ஓட்டிக்கொண்டு போகிறேன். அன்று காலை நாலரை மணி நேரம் ஓட்டி, இண்டியானாவில் உள்ள இந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு அவரைக் கொண்டுவந்து சேர்த்திருந்தேன். மூன்று கற்களின் வயது தெரிவதற்காக.

கேஸ் இதுதான். பதினோரு வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை, கிளெல் ஹேஸ்லிப்பும் அவன் தம்பி டாயிலும் ப்ரையர் ஹாலோ குகைக்குள் போனார்கள். டாயில் மட்டும் வெளியே வந்தான். குகையின் அடியில் ஓடும் ஆறு பொங்கி அண்ணனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்றான். மீட்புப் படை நாலு நாள் அந்த ஆற்றுக்குள் தேடியது. படையில் நானும் இருந்தேன். ஒரு செருப்பு கூடக் கிடைக்கவில்லை. கிளெல்லின் மனைவி வெர்னா அன்று தொடங்கி ஒவ்வொரு ஞாயிறும், அந்த ஆறு மலைக்கு வெளியே ஊற்றாக வந்து விழும் இடத்தில் போய் உட்கார்கிறாள். எலும்பாவது வந்து சேராதா என்று. மே மாதக் கடைசி ஞாயிறு எங்கள் ஊரில் எல்லாரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, அங்கேயே மேசை போட்டுச் சாப்பிடுவோம். வெர்னா மட்டும் பூவைத் தண்ணீரில் போட்டுவிட்டு வருவாள். அவள் ஒனைடாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவனைப் புதைக்கணும். அவன் எங்கேன்னு மட்டும் சொல்லுங்க."

எங்களிடம் இருந்த தடயமும் ஒன்றே ஒன்றுதான். கிளெல்லுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு குகைப் பாதையைக் கண்டுபிடித்தால், அங்கிருந்து ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்து வந்து வெர்னாவிடம் கொடுப்பான். அவள் அதைச் சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்பாள். கடைசி நாள் டாயில் தூக்கி வந்த கிளெல்லின் பையில், ஒரு காலுறைக்குள் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் மூன்று கற்கள் இருந்தன. அந்தக் காலுறையைத்தான் ஒனைடா பிடித்துக்கொண்டார்.

"ஆறு அடிச்சிட்டுப் போன மனுஷன் பொறுக்கின கல்லு" என்றார் அப்போது. "காலுறை மட்டும் காஞ்சு இருந்திருக்கு. ஒரு சேறு கறை இல்லை. எப்படி?"

இப்போது டாக்டர் ஓட்டன் ஒரு தாளை எங்கள் பக்கம் தள்ளினார்.

"வெளியில கிடக்கிற கல்லு மேல வானத்துலேர்ந்து கதிர் விழுந்துட்டே இருக்கும். வெயில்ல தோல் கறுக்குற மாதிரி, கல்லுக்குள்ள ரெண்டு சரக்கு சேரும். ஒரு வகை அலுமினியம், ஒரு வகை பெரிலியம். பெரிலியம் ஒண்ணுன்னா அலுமினியம் ஏழுங்கிற கணக்குல. கல்லு ஆழமா குகைக்குள்ள போயிட்டா அந்தக் கதிர் நின்னுடும். அப்புறம் ரெண்டும் குறைய ஆரம்பிக்கும். அலுமினியம் ரெண்டு மடங்கு வேகத்துல குறையும். என்ன மிச்சம்னு பார்த்தா, கல்லு எப்போ உள்ளே போச்சுன்னு தெரிஞ்சிடும்."

"ஆத்துல கிடக்கிற கல்லுன்னா?" என்றார் ஒனைடா.

"நேத்துதான் உள்ளே போன மாதிரி காட்டும். கிட்டத்தட்ட ஏழு இருக்கும்."

"இதுல?"

"ரெண்டு. இருபத்தாறு லட்சம் வருஷமா உள்ளே கிடந்திருக்கு."

"நம்ம பாஸ்டரோட பிரசங்கத்தை விடக் கொஞ்சம் நீளம்" என்றேன்.

ஒனைடா என்னைப் பார்க்கவே இல்லை. "பழைய கல்லு மேலேர்ந்து உருண்டு ஆத்துல விழுந்திருக்கலாமே டாக்டர்?"

"ஒண்ணு விழலாம். அதனாலதான் மூணையும் கேட்டேன். தனித்தனியா அளந்தேன். மூணும் ஒரே வயசு. ஆத்துல பொறுக்கியிருந்தா புதுசும் பழசும் கலந்துதான் வரும். உங்க ஊர் ஆறு இத்தனை லட்சம் வருஷமா மலையைக் கீழே கீழே அறுத்துட்டு வருது. பழைய பாதையெல்லாம் மேலே காஞ்சு நிக்குது. இந்த வயசுக்கு, இப்போ ஆறு ஓடுற மட்டத்துலேர்ந்து நூத்தறுபது அடி மேலே."

நான் ஜோக் ஏதாவது தேடினேன். கிடைக்கவில்லை. நாங்கள் நாலு நாள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று தேடியபோது, கிளெல் எங்கள் தலைக்கு மேலே பதினாறு மாடி உயரத்தில் இருந்திருக்கிறான்.

"கல்லுல மிச்சம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "அந்த அம்மாகிட்டத் திருப்பிக் கொடுக்க."

டாக்டரின் முகம் மாறியது. "இடிச்சு, ஆசிட்ல கரைச்சுத்தான் அளக்கணும். ஒண்ணும் மிச்சம் இல்லைங்க. முன்னாடியே சொல்லித்தான் வாங்கினேன். ஒரு கல்லை மட்டும் அளந்தா உறுதியாச் சொல்ல முடியாதுன்னேன். அவங்க மூணையும் கொடுத்தாங்க." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். மூன்று கற்களும் ஒரு அளவுகோலுக்குப் பக்கத்தில் இருந்தன. "இடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. இதையாவது கொடுங்க."

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வெர்னா அந்தக் கற்களைக் கொடுத்தது எனக்கு நினைவு வந்தது. கொடுக்கும் முன் சமையலறைக் குழாயில் கழுவி, துணியால் துடைத்து, "அழுக்கா அனுப்பக் கூடாது பாரு" என்றாள்.

திரும்பும் வழியில் ஒனைடா நிலவரைபடத்தை முன்கண்ணாடி வரை விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒரு உயரக்கோட்டைப் பின்தொடர்ந்தார்.

"அம்மணி, ரோடு தெரியலை."

"நேராத்தான் போகுது, ஓட்டு. அந்த நாலு நாள்ல விசேஷமா ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணுமில்லை. மூணாம் நாள் ஆத்தோரம் உக்காந்து ரொட்டி தின்னோம். மேலே எங்கேயோ தண்ணி சொட்டுற சத்தம். டக், டக்குனு. நான் சொன்னேன், 'எழுந்து பாட்டிலை ஒளிச்சு வைங்கப்பா, பாஸ்டர் கதவைத் தட்டுறாரு'ன்னு. மூணு நாளா வாயைத் திறக்காத பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இன்னிக்கும் தீயணைப்பு நிலையத்துல அந்த ஜோக்கைச் சொல்றாங்க, தெரியுமா?"

"தெரியும். எட்டு தடவை கேட்டாச்சு." பென்சில் நின்றது. "ப்ரையர் ஹாலோவைச் சுத்தி அந்த உயரத்துல மூணே பேர் நிலம்தான் வருது. ஒண்ணு சர்ச். ஒண்ணு டட்டன் கிழவரோட காடு. மூணாவது டாயில். அவன் அதை எப்போ வாங்கினான்?"

"அண்ணன் போன அடுத்த வருஷம். நாப்பது ஏக்கர். புகையிலையும் வராது, சோளமும் வராது. ஆடே சறுக்கி விழும்."

"அப்புறம் எதுக்கு வாங்கினான்?"

"பன்னி வளர்க்க. கொட்டகை கட்டியிருக்கானே."

"நீ பன்னியைப் பார்த்திருக்கியா லோவெல்?"

யோசித்துப் பார்த்தேன். பார்த்ததே இல்லை.

டாயிலின் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. நல்ல புழுக்கம். தகரக்கூரை, மரப்பலகைத் தரை, சுற்றி முள்கம்பி. பன்றி இருந்த இடம் என்றால் பத்து வருடம் ஆனாலும் மூக்கு சொல்லிவிடும். இங்கே பைன் மர வாசனைதான் வந்தது.

"சுத்தமான பன்னிங்க போலிருக்கு" என்று சொல்லி ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தேன். ஒனைடாவுக்குப் புகை பிடிக்காது. வழக்கமாகக் கத்துவார். அன்று என் கையைப் பிடித்துத் தரைக்குப் பக்கத்தில் இறக்கினார்.

"புகை எங்கே போகுதுன்னு பாரு."

காற்று அசையவே இல்லை. ஆனாலும் புகை மேலே போகாமல், பாம்பு புற்றுக்குள் போவதுபோலப் பலகை இடுக்கு வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. கோடையில் குகை மேல்வாசல் வழியாக மூச்சை இழுத்துக் கீழ்வாசல் வழியாக விடும். எங்கள் ஊரில் இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

"பதினோரு வருஷமா யாராவது வருவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

டாயில் நின்றிருந்தான். குவாரி வேலை முடிந்து வந்திருந்தான் போல, புருவமெல்லாம் கல்தூசி. கையில் சாப்பாட்டு டப்பாவைத் தவிர ஒன்றுமில்லை. ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"சொல்லுப்பா" என்றார் ஒனைடா.

"அண்ணன்தான் கண்டுபிடிச்சான் மேடம். உள்ளே ஒரு முழுப் பாதை. தரையெல்லாம் வெள்ளைக் கல்லு. வெர்னாவுக்குன்னு மூணு பொறுக்கினான். அதுக்கப்புறம் வழி ரொம்பக் குறுகல். நான் குவாரிலேர்ந்து ஒரு குச்சி டைனமைட் எடுத்துட்டு வந்திருந்தேன். வெடிச்சதும் வழி திறந்துச்சு. அண்ணன் பையை எங்கிட்டக் கொடுத்துட்டு முன்னாடி நுழைஞ்சான். அப்போ கூரை இறங்கிடுச்சு."

"கூப்பிட்டியா?"

"பத்து நிமிஷம் கூப்பிட்டேன். பதில் இல்லை. விளக்கு வெளிச்சமும் இல்லை. செத்துட்டான்னு..." டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "திருட்டு டைனமைட், அடுத்தவன் நிலம், அண்ணன் சாவு. எனக்கு வீட்ல ரெண்டு கைக்குழந்தை. வாசலை மூடினேன். ஆத்துப் பக்கம் கையைக் காட்டினேன். செத்தவனை எங்கே தேடினா என்னன்னு நினைச்சேன் மேடம்."

அவன் சொன்னதை யாரும் சந்தேகப்படாததற்கு எங்கள் ஊர்ப் பழக்கம்தான் காரணம். குகைக்குப் போகிறவன் எத்தனை மணிக்கு வெளியே வருவான் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கே போகிறான் என்று மட்டும் சொல்லமாட்டான். வரைபடம் போட்டு முடிக்கும்வரை பெண்டாட்டியிடம் கூட மூச்சு விடக் கூடாது. விட்டால் வேறு எவனாவது போய்ப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். புது வாசலைக் கல்லும் இலையும் போட்டு மறைத்துவிடுவார்கள். கிளெல்லும் வெர்னாவிடம் சொன்னது, "ஆறு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்பது மட்டும்தான்.

பலகைகளைப் பெயர்த்தோம். பழைய தலைக்கவசம் வண்டியிலேயே இருந்தது. நான் இறங்கினேன்.

நாற்பது அடி தவழ்ந்ததும் பாதை அகன்றது. விளக்கைத் தரையில் அடித்தேன். கண்ணுக்கு எட்டியவரை வெர்னாவின் கற்கள். ஆயிரம், பத்தாயிரம். அந்த மூன்றை இடித்துக் கரைக்க அவள் எப்படித் துணிந்தாளோ, அதே கற்கள் இங்கே அள்ள அள்ளக் கிடந்தன. கடைசியில் பாறைக் குவியல். இடது ஓரமாக ஒரு ஆள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. டாயில் அதற்குள் நுழைந்து பார்த்ததே இல்லை. நான் நுழைந்தேன்.

கிளெல் அங்கேதான் இருந்தான். அதைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. ஒரு கால் பாறைக்கு அடியில் இருந்தது, அவ்வளவுதான். அவன் தலைக்கு மேலே கூரை தாழ்வாக இருந்தது. தலைக்கவசத்தில் எரியும் கார்பைடு விளக்கின் சுடரைக் கூரையில் பிடித்துப் புகையால் பெயர் எழுதுவது எங்கள் ஊர்க் குகைக்காரர்களின் வழக்கம். கிளெல் பெயரை எழுதவில்லை.

'சனி. மயக்கம் இப்போதான் தெளிஞ்சுது. டாயில், காலு மாட்டிக்கிச்சு. வா.'

'ஞாயிறு. கத்திக் கத்திக் குரல் போச்சு. டாயில் ஆள் கூட்டிட்டு வருவான்.'

'திங்கள். கீழே ஆளுங்க. தட்டுறேன். சிரிக்கிறாங்க.'

அதற்குக் கீழே கிழமை எதுவும் இல்லை. 'வெர்னா' என்று மட்டும் இருந்தது.

அவன் கை எட்டும் தூரத்தில் பாறையில் ஒரு பிளவு நேராகக் கீழே இறங்கியது. காதை வைத்தேன். ஆற்றின் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஐயோ, திங்கட்கிழமை. நாங்கள் ரொட்டி தின்ற இடம். அவன் கைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல் கிடந்தது. ஷெரிப் வருமுன் எதையும் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வெளியே வந்ததும் டாயில் என் முகத்தையே பார்த்தான். "உடனே போயிட்டான்ல? சொல்லு லோவெல். உடனேதானே?"

என் முகம் என்ன சொன்னதோ, அவன் டப்பாவைக் கீழே போட்டுவிட்டுப் பலகையில் தலையை மோதிக்கொண்டு அழ ஆரம்பித்தான். நான் ஒனைடாவைத் தள்ளி அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஷெரிப்புக்கு நான் போன் பண்றேன்" என்றார். "வெர்னாகிட்ட நீ சொல்லணும்."

"அம்மணி, உடனே செத்துட்டான்னு சொல்லிடலாம். பதினோரு வருஷம் கழிச்சு அந்த அம்மாவுக்கு இது எதுக்கு?"

"முப்பது வருஷம் தபால் கொடுத்தேன் லோவெல். கெட்ட சேதின்னு தெரிஞ்சும் ஒரு கடிதத்தைக் கூட நிறுத்தி வச்சதில்லை. அந்தக் கூரையில இருக்கிறது அவ பேருக்கு வந்தது. படிச்சவன் நீ."

வெர்னா சமையலறையில் இருந்தாள். மறுநாள்தான் கல்லறை ஞாயிறு. மற்றவர்கள் வீட்டுக் கல்லறைகளுக்குப் பக்கத்தில் போடும் மேசைகளுக்காக, வருடா வருடம் செய்வதுபோல, கோழி வறுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பச்சை பீன்ஸ் கொதித்தது. ஒனைடா வண்டியிலேயே இருந்துவிட்டார்.

"கண்டுபிடிச்சிட்டோம் அக்கா" என்றேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்கே?"

சொன்னேன். டாயிலைப் பற்றியும் சொன்னேன். டாயில் பெயர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் கொடுத்த புகைப்படத்தை மேசையில் வைத்தேன். மூன்று கற்களையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு என் சட்டைப்பையில் இருந்த கல்லை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். நல்லபடியாக ஏதாவது சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன்.

"அவன் பக்கத்துல கிடந்துச்சு" என்றேன். "உங்களுக்குத்தான் எடுத்திருப்பான்."

அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு ஜாடி நிறையக் கற்களைத் துடைத்துத் துடைத்து வைத்தவள்.

"இந்த முனை ஏன் பொடிஞ்சிருக்கு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"கிளெல் எனக்கு உடைஞ்ச கல்லைக் கொண்டு வரமாட்டான் லோவெல். இது எதுமேலயோ அடிச்சு அடிச்சுப் பொடிஞ்சது. ஏன்?"

சொன்னேன். கூரையில் எழுதியிருந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சனி, ஞாயிறு, திங்கள். கீழே சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்றேன். சிரிக்க வைத்தவனே நான்தான் என்றேன். அவள் அழவில்லை. அழுதது நான்தான்.

"என்ன சொல்லிச் சிரிக்க வச்ச?"

"அக்கா, வேண்டாம்."

"என்ன சொன்ன?"

இருநூறு தடவை சொல்லியிருப்பேன் அந்த ஜோக்கை. சலூனில், சர்ச் வாசலில், என் இரண்டாவது கல்யாண விருந்தில். அன்று அவளிடமும் சொல்லி முடித்தேன்.

வெர்னா கல்லை மேசையில் மெதுவாக இரண்டு முறை தட்டினாள். "இப்படியா கேட்டுச்சு?"

"ஆமா அக்கா."

"கிளெல் கீழே உன் பக்கத்துல உக்காந்திருந்தா அவனும் சிரிச்சிருப்பான்" என்றாள். கல்லை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். "நாளைக்குக் காலைல மண்வெட்டி எடுத்துட்டு வா. ஷெரிப் விட்டா டாயிலையும் கூட்டிட்டு வா. என் மாமியார் கல்லறை பக்கத்துல இடம் இருக்கு. ரெண்டு பேரும் வெட்டுங்க. ஆறடி. ஒரு அங்குலம் குறையக் கூடாது. இப்போ போ."

தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து வண்டியில் ஏறினேன். சாவியைப் போட்டேன், ஆனால் திருப்பவில்லை. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து, மரமேசையில் கல் படும் சத்தம் வந்தது. டக். டக். கொஞ்சம் நின்று, மறுபடி டக்.

"லோவெல்" என்றார் ஒனைடா மெதுவாக.

"கேக்குது அம்மணி" என்றேன். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, திரும்ப உள்ளே போனேன்.